பிளாக்ரேசரோடு 14 மாதம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. ‘ஒயிட் ப்ளூம் மவுண்டன்’ அதற்காக 1979-இல் வந்த சாகசம். நாங்கள் ஆடியது 2017 மறுபதிப்பை, விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில். மலைக்குள் சொந்தப் புத்தியுள்ள மூன்று ஆயுதங்கள் கிடைக்கும். என் கேரக்டர் ட்வார்ஃப், அதாவது குள்ளர் இன வீரன். அவனுக்கென்றே செய்ததுபோல வெல்ம் என்ற சம்மட்டி இருந்தது. ஆனால் அதை வைத்திருப்பவனுக்கு வெட்டவெளி என்றாலே பயம். யாருக்கு வேண்டும் அது என்று பிளாக்ரேசர் வாளை எடுத்துக்கொண்டேன்.

சண்டையில் குறையே சொல்ல முடியாது. +3 வாள், அதாவது தாக்கும் பகடையிலும் சேதத்திலும் மூன்று கூடும். வெட்டி வீழ்த்தியவனின் ஆன்மாவை அது விழுங்கிவிடும்; அவனுடைய முழு ஹிட் பாயின்ட்டும் (உயிர்ப் புள்ளிகள்) தற்காலிகமாக நமக்கு வரும். நம் வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் மந்திரமும் உண்டு. எப்போது போடுவது என்பதை மட்டும் வாள்தான் முடிவு செய்யும், கெஞ்சிப் பயனில்லை.

செத்தும் நடமாடும் கூட்டத்திடம் இதை நீட்டவே கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்கு அடி, எலும்புக்கூட்டுக்கு வைத்தியம். அதற்காகவே ஒரு சாதாரண கதாயுதமும் சுமந்தேன்.

பெரிய தலைவலி பசிதான். மூன்று நாள் ஆன்மா கிடைக்காவிட்டால் அடுத்த அந்தியில் வாள் மல்லுக்கு நிற்கும். அதன் கரிஸ்மா (ஆளுமை வலிமை) 19, என் ஆளுக்கு 8. அது நம்மை ஆட்டிவைக்கப் பார்த்தால், தப்பிக்க 20 முகப் பகடையில் 17-க்குக் குறையாமல் விழவேண்டும். இதில் ஒரு வேடிக்கை: வாள் கையில் இருக்கும்வரை யாரும் நம்மை வசியம் செய்ய முடியாது. ஆட்டிவைப்பதும் வசியம்தானே, அப்படியானால் வாளாலும் முடியாதா? உறையில் இருக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று முதல் வாளைக் கையில் பிடித்தபடியே தூங்கினேன்.

பத்து நாள் கப்பல் பயணத்துக்கு ஆடுகளை ஏற்றினேன். ஆட்டுக்கு ஆன்மா உண்டா என்று அரை மணி நேரம் வாதம். உண்டு என்று முடிவானது. குலசாமிக்குக் கூட இத்தனை கிடா வெட்டியிருக்க மாட்டார்கள். ஆடு ஒன்றுக்கு நான்கு ஹிட் பாயின்ட். வாளுக்குத்தான் அவமானம்.

முதல் சில மாதங்கள் நானும் வாளுக்காகப் பேசிய டிஎம்மும் பேரம் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆயுதத்தின் உண்மையான குறை அதுதான், விதிப்புத்தகத்தில் அது இல்லை. பிறகு, கேரக்டர் செத்துச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நண்பரிடம் வாளின் குரலைக் கொடுத்தோம். ஆட்டம் களைகட்டியது. டிஎம்முக்கு இல்லாத கொழுப்பு அவருக்கு இருந்தது. நீங்களும் வாளின் வாயை டிஎம்மிடம் விடாதீர்கள்.

14-ஆம் மாதம் வாளோடு நடந்த கரிஸ்மா போட்டியில் தோற்றேன். வாள் கேட்டது ஒன்றுதான்: என்னை நம் குழுவின் முரட்டு வீரன் பார்பேரியனிடம் கொடு. கொடுத்துவிட்டேன். இப்போது என் கையில் வெல்ம். மற்றவர்கள் வெளியே சண்டை போடுகிறார்கள், நான் குகை வாசலில் நிற்கிறேன்.