சளி மாத்திரை அட்டை: பிரஷர்காரர்களுக்கு எத்தனை மார்க்?

வாடைக்காற்று இறங்கிவிட்டால் தொண்டி முதல் தங்கச்சிமடம் வரை மருந்துக்கடைகளில் கத்தரிக்கோலுக்கு ஓய்வில்லை. 'சளிக்கு ரெண்டு குடுங்க' என்றதும் வெட்டித் தரும் அட்டைக்குப் பெயர்தான் பல. உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்கு: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், குளோர்பெனிரமின் 2, ஃபினைலெஃப்ரின் 5 அல்லது 10. சிலவற்றில் கஃபீனும் சேரும்.

பாராசிட்டமாலில் குறையில்லை. காய்ச்சலும் உடம்புவலியும் கேட்கும், பிரஷர்காரருக்கும் ஒத்துவரும். ஆனால் காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு பாராசிட்டமால் 650-ஐயும் சேர்த்து விழுங்கினால் ஒரே வேளையில் 1150 ஆகிவிடும். ஒரு வேளைக்கு 1000-ஐத் தாண்டக் கூடாது. இதற்குப் பதில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைகள் பக்கம் போவது இன்னும் மோசம்: உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பிரஷரை ஏற்றும், எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்களின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

குளோர்பெனிரமின் மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே கண்ணையும் சொருகவைக்கும். வீட்டில் படுப்பவருக்கு அது லாபம். ராத்திரி வலைக்குப் போகிறவர் இதைப் போட்டுக்கொண்டு படகேறக் கூடாது. தூக்கக் கலக்கம் மறுநாள் காலை வரை இழுக்கலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளும்.

வில்லங்கம் மூன்றாவதான ஃபினைலெஃப்ரினில்தான். மூக்கின் உள்சதையில் வீங்கிய ரத்தக்குழாயைச் சுருக்கினால் அடைப்பு விடும் என்பது கணக்கு. ஆனால் விழுங்கிய மருந்துக்கு மூக்கு எது, கை எது என்று தெரியாது. எங்கும் சுருக்கப் பார்க்கும். குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும். இத்தனைக்கும் ஃபினைலெஃப்ரினில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது. வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-இல் சொல்லியே விட்டது. இதே வகை மருந்தான சூடோஎஃபெட்ரின் மூக்கை உண்மையிலேயே திறக்கும். பிரஷரையும் நாடித்துடிப்பையும் சேர்த்தே ஏற்றும்.

இதைக் கண்டுபிடிக்க அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இரண்டு மாத்திரை வெட்டும்போது சேர்மானம் அச்சான பகுதி பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும். முழு அட்டையையும் காட்டச் சொல்லி, 'எஃப்ரின்', 'எஃபெட்ரின்' என்று முடியும் பெயர் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் வேண்டாம்.

மார்க்: பிரஷர் இல்லாதவருக்கு 5-க்கு 2½. பிரஷர்காரருக்கு, அதிலும் அளவு கட்டுக்குள் வராதவருக்கு, பூஜ்யம்.

மூக்கடைப்புக்கு மலிவான வழி உப்புத்தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, மூக்கில் விட்டுக் கழுவலாம். கரையோரத்து போர் தண்ணீர் ஏற்கெனவே கரிக்கும், அளவு கெடும். கேன் தண்ணீரையே கொதிக்கவையுங்கள். சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து உடனே கேட்கும். பிரஷர்காரர் டாக்டரைக் கேட்ட பிறகே அதை மூக்கில் விட வேண்டும். யாராக இருந்தாலும் மூன்று நாளோடு நிறுத்துங்கள். தொடர்ந்தால் சொட்டு விடாத நேரமெல்லாம் மூக்கு அடைக்கும், பிறகு அந்தப் பழக்கத்தைக் கைவிடவே முடியாது. நண்டு ரசத்துக்குத் தடையில்லை, உப்பைக் குறைத்தால் போதும். சளிக்கு இதமென்று கருவாட்டுக் குழம்பில் இறங்குவதுதான் தப்பு.

சளி மாத்திரை போடுகிறோமே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அடெனலாலைத் திடீரென நிறுத்தினால் நாடி தறிகெட்டு ஓடும், நெஞ்சுவலியே வரலாம். மூச்சு வீசிங் உள்ளவருக்கு அந்த மாத்திரையே சரிதானா என்பது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

எத்தனை அட்டை தீர்ந்தாலும் போகாத ஓர் இருமலும் இருக்கிறது. சளி வராது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் மயிலிறகு வைத்ததுபோல் அரிக்கும், படுத்தால் கூடும். எனலாப்ரில், ராமிப்ரில் போடுகிறவர் என்றால் முதல் சந்தேகம் அந்த மாத்திரை மேல்தான். ஆரம்பித்துச் சில மாதம் கழித்தும் தலைகாட்டும். இதற்கு சிரப் வாங்குவது வீண்செலவு. டாக்டர் லோசார்ட்டனுக்கோ டெல்மிசார்ட்டனுக்கோ மாற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நாலு வாரத்தில் அடங்கும். எனலாப்ரிலாலோ ராமிப்ரிலாலோ உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.