நாய், பூனைக்குச் சிறுநீர்க் கல்: முதலில் எக்ஸ்ரேயா, ஸ்கேனா?

முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகும் ஆண் நாய்க்கு முதலில் எடுக்க வேண்டியது எக்ஸ்ரே. ஸ்கேன் (ஒலியலையால் உள்ளே பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் என் முடிவு இதுதான்.

சிறுநீரகத்தின் உள்ளே பார்க்க வேண்டுமானால் போட்டியே இல்லை, ஸ்கேன்தான். கட்டி, நீர்க்கட்டி, சிறுநீரக இடுப்பின் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் குழிவு) விரிவு, சிறுநீர்ப்பைச் சுவரில் முளைத்த புற்று எல்லாம் அதில் தெரியும். எக்ஸ்ரே காட்டுவது அளவும் வடிவமும் மட்டுமே: மல்லாக்கப் படுக்க வைத்து எடுத்த படத்தில், நாயின் சிறுநீரகம் இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பைப் போல 2.5 முதல் 3.5 மடங்கு நீளம் இருக்க வேண்டும். கொழுப்பே இல்லாமல் மெலிந்த உடம்பில் அந்த விளிம்பும் மறைந்துவிடும்.

ஆனால் கல் என்றால் கணக்கே மாறுகிறது. ஆண் நாயில் கல் வழக்கமாகச் சிக்குவது ஆண்குறி எலும்புக்குச் சற்றுப் பின்னால். ஆசனவாய்க்குக் கீழே, பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுபோகும் குழாய் வளையும் இடத்திலும் சிக்கும். ஒலியலை எலும்பைத் தாண்டாது என்பதால், இடுப்பெலும்புக்குள் போகும் பகுதி ஸ்கேனில் சரியாகத் தெரியாது. சிறுநீர்ப்பையை மட்டும் பார்த்துவிட்டு அறுவை செய்தால், குழாயில் மாட்டிய கல் அப்படியே இருக்கும்; தையல் ஆறுவதற்குள் மறுபடியும் அடைப்பு.

அதனால் பக்கவாட்டில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று வழக்கமான நிலையில். மற்றொன்று, பின்னங்கால்கள் இரண்டையும் வயிற்றை நோக்கி முன்னால் இழுத்துக் கட்டி. வழக்கமான நிலையில் தொடை எலும்பு குழாயின் மேல் விழும். முழங்காலின் பின்புறம் உள்ள குட்டி எலும்புகள் ஆண்குறி எலும்பருகே விழுந்து கல் போலவே ஏமாற்றும். படம் இடுப்போடு நின்றுவிடக் கூடாது, வால் அடி வரை வர வேண்டும். குடலில் மலம் நிறைந்திருந்தால் முதலில் எனிமா.

இன்னொரு பலன், எண்ணிக்கை. பையில் குவிந்து கிடக்கும் கற்களை ஸ்கேனில் நம்பி எண்ண முடியாது. ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளிந்துவிடும். எக்ஸ்ரேயில் எண்ணி வைத்துக்கொண்டு, அறுவை முடிந்ததும் மயக்கம் தெளியும் முன்பே அதே நிலையில் மறுபடி எடுத்தால், விட்டுப்போனது அப்போதே தெரியும்.

ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் கற்கள் பளிச்சென்று தெரியும். யூரேட், சிஸ்டைன் கற்கள் மங்கல், சில சமயம் தெரியவே தெரியாது. யூரேட் கல் அதிகம் வரும் டால்மேஷியன் இன நாயில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் யூரேட் கல் இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். அங்கே ஸ்கேன் வேண்டும், குழாய்க்கு அயோடின் மருந்து ஏற்றிய படமும் வேண்டும். மருந்து ஏற்றுமுன் கத்தீட்டரை (உள்ளே செருகும் மெல்லிய குழல்) அதே திரவத்தால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழியும் மங்கல் கல்லும் அந்தப் படத்தில் ஒரே மாதிரி இருக்கும்.

பூனையின் சிறுநீர்நாளத்தில் (சிறுநீரகத்திலிருந்து பைக்குச் செல்லும் குழாய்) சிக்கும் பொடிக்கல்லுக்கு ஒன்று மட்டும் போதாது. எக்ஸ்ரே கல்லைக் காட்டும், அதனால் மேலே என்ன வீங்கியது என்பதை ஸ்கேன் காட்டும். சிறுநீரக இடுப்பு 13 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அடைப்பையே சந்தேகிப்பேன். அதற்குக் குறைவென்றால் அளவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லத் துணிய மாட்டேன், தொற்றாலும் டிரிப் ஏற்றியதாலும் லேசாக விரியும்.

ஸ்கேன் செய்யும்போது பை ஓரளவு நிறைந்திருக்கட்டும். காலிப் பையின் சுவர் தடித்தே தெரியும். பக்கத்துப் பெருங்குடல் மலமும் கல் போல நிழல் விழச் செய்யும். சந்தேகம் வந்தால் நாயை எழுப்பி நிறுத்திப் பாருங்கள்: கல்லாக இருந்தால் பையின் புதிய அடிப்பக்கத்துக்கு உருளும்.