வேர்டில் கேள்விப் படிவம்: புள்ளிக்கோட்டை விட்டொழியுங்கள்

பல்கலைக்கழகம் உள்ள ஊரில் டிடிபி கடை நடத்துகிறேன். ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் கேள்விப் படிவம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். "பெயர்" என்று அடித்து, அதற்குப் பக்கத்தில் வரி முடியும்வரை புள்ளி வைத்திருப்பார்கள். "மெயில்ல அனுப்பி ஃபில் பண்ணி வாங்கணும், அலைன்மென்ட் மட்டும் மாறக்கூடாது அண்ணே" என்பார்கள். புள்ளிக்கு நடுவே பெயரை அடித்தால் மிச்சப் புள்ளிகள் அடுத்த வரிக்குப் போகும், கீழே இருப்பதெல்லாம் இறங்கும். அப்புறம் எங்கே அலைன்மென்ட்?

இதற்கான வசதி மைக்ரோசாஃப்ட் வேர்டிலேயே இருக்கிறது. ஆனால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் 'டெவலப்பர்' என்பதில் டிக் போட்டால்தான் அந்த டேப் மேலே வரும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், புரோகிராம் எதுவும் எழுத வேண்டியதில்லை. எழுதும் கட்டம், டிக் பெட்டி, பட்டியல், தேதி எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

கட்டத்தை வெறும் பக்கத்தில் வைக்காதீர்கள், டேபிளுக்குள் வையுங்கள். கேள்வி ஒரு செல், பதில் பக்கத்துச் செல். பதில் செல்லுக்குக் கீழ்க்கோடு மட்டும் விட்டால் பழைய புள்ளிக்கோடு போலவே தெரியும். டேபிள் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள், நீளமாக அடித்தாலும் செல் அகலம் அசையாது. வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்தால் பக்கமும் அசையாது. ஆனால் முகவரி, கருத்து மாதிரி இடங்களில் அது வேண்டாம், இரண்டாவது வரி மறைந்துவிடும். அங்கே 'அட் லீஸ்ட்' போதும்.

எனக்குக் கடுப்பேற்றுவது டிக் பெட்டிதான். அதைத் தட்டினால் டிக் விழாது, பெருக்கல் குறி விழும். நம் ஊரில் பெருக்கல் போட்டால் தப்பு என்று அர்த்தம். "ஆம்" பெட்டியில் அது விழுந்தால் பதில் சொல்பவர் குழம்பமாட்டாரா? பிராப்பர்டீஸில் 'செக்டு சிம்பல்' மாற்றும் இடத்தில், செகோ யுஐ சிம்பல் ஃபான்ட்டில் 2611 என்ற எண்ணைக் கொடுத்தால் ஒழுங்கான டிக் வரும். ஆனால் ஆம், இல்லை இரண்டிலும் ஒருவர் டிக் போட்டால் வேர்டு தடுக்காது. ஒரே பதில்தான் வேண்டும் என்றால் டிராப் டவுன் பட்டியல் வையுங்கள்.

பழைய 'லெகசி' எழுத்துக் கட்டத்தில் அதிகபட்ச நீளம் வைக்கலாம். அங்கே தமிழுக்கு ஒரு சிக்கல்: "திருநெல்வேலி" நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடு (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் முறை) கணக்கில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் 12. ஆறு எழுத்துதானே, 10 தாராளம் என்று வைத்தால் ஊர்ப் பெயர் பாதியில் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போய் 'ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ்' தேர்ந்து பூட்டிவிடுங்கள். இதுதான் படிவத்தின் உயிர். கட்டத்தைத் தவிர வேறு எங்கும் யாராலும் கை வைக்க முடியாது. பாஸ்வேர்டை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள், தெரியாமல் கை படுவதைத் தடுக்கத்தான் அது.

வேர்டு செய்யும் இந்தப் படிவ வேலைக்கு ஐந்துக்கு நாலு மார்க் போடலாம். ஒரு மார்க் போவது பிடிஎஃப் விஷயத்தில். வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் கட்டம் எல்லாம் அச்சடித்தது போலாகிவிடும், நிரப்ப முடியாது. பிடிஎஃப்பிலேயே நிரப்ப வேண்டும் என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆஃபீஸ் ரைட்டர் ஒரு நல்ல வழி. அதன் 'ஃபார்ம்' மெனுவில் கட்டங்களைப் போட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது 'கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்டு ஃபைலை அப்படியே அதில் திறப்பதானால் லதா, நிர்மலா ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வரிகள் இடம் மாறும். அதனால் முதலிலிருந்தே நோட்டோ சான்ஸ் தமிழில் அடித்துவிடுங்கள், அதுவும் இலவசம்தான், இல்லாத கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம்.