சுங்கை சிப்புட்டில் பாக்சிங்: ஊர் மாஸ்டரா, ஈப்போ ஜிம்மா?

பிள்ளை பாக்சிங் கற்க ஆசைப்பட்டால் இங்கே இரண்டு வழி. ஊரில் கடைவரிசை மாடியில் ஒரு மாஸ்டர் சொல்லித் தரும் வகுப்பு. இல்லையென்றால் பக்கத்து நகரமான ஈப்போவில் ஏர்கோன் போட்ட பெரிய ஜிம்.

ஈப்போவில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பல ஜிம்களில் உடம்பு இளைக்க வருபவர்கள்தான் அதிகம். கூட்டமாகப் பாட்டுக்கு ஏற்பப் பையைக் குத்தும்போது, தாடையைக் காக்க வேண்டிய உங்கள் மகனின் இடது கை கீழே இறங்குவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். போக்குவரத்துச் செலவு வேறு.

ஊர் வகுப்பில் ஏர்கோன் இல்லை, காத்தாடிதான். நல்ல மாஸ்டர் என்றால் முதலில் நாலரை மீட்டர் துணிப்பட்டையைக் கையில் சுற்றக் கற்றுத் தருவார்: மணிக்கட்டில் சில சுற்று, விரல் முட்டியில் சில சுற்று, அப்புறம் விரலிடுக்குகள். கையை மூடித் திறந்து காட்டச் சொல்வார். அதன்பின் வாரக்கணக்கில் கால் நகர்த்தலும் நேர்க்குத்தும்தான். பையனுக்குச் சலிக்கும், ஆனால் அஸ்திவாரம் அதுதான்.

எனக்கு ஊர் மாஸ்டரைத்தான் பிடிக்கும். ஆனாலும் பணம் கட்டுமுன் ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகும் பயிற்சி) நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பெரியவர்கள் 16 அவுன்ஸ் கையுறை போடுகிறார்களா? எல்லாருக்கும் பல்காப்பு உண்டா? தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அதனால் தலையில் பலமாக அடிபட்டவனை மாஸ்டர் உடனே நிறுத்த வேண்டும். “ஆம்பளப் பையன், தாங்குவான்” என்று தொடர விட்டால், இலவசமாகச் சொல்லித் தந்தாலும் வேண்டாம், ஈப்போவுக்கே அனுப்புங்கள்.