பழைய காருக்குத் தகடு: சென்னையில் எங்கே வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

மண்ணடிக்குப் போய் "20 கேஜ் ஷீட் கொடுங்க" என்று கேட்டால் ஏதோ ஒரு தகடு கையில் வந்துவிடும். பீரோவுக்கும் ஃபேன் மூடிக்கும் அது போதும். அம்பாசடர் மட்கார்டின் வளைவுக்குப் போதாது. கேஜ் தகட்டின் கனத்தை மட்டும்தான் சொல்லும், அதன் இளக்கத்தைச் சொல்லாது. பாடி வேலையில் முக்கால் பங்கு அந்த இளக்கத்தில்தான் இருக்கிறது. தகடு விறைப்பாக இருந்தால் மணல் மூட்டை மேல் வைத்து எவ்வளவு அடித்தாலும் குழிந்து கொடுக்காது. டிங்கர் வேறு வழியில்லாமல் நான்கு இடத்தில் வெட்டுப் போட்டு, மடக்கி, வெல்டிங் வைப்பார். ஒவ்வொரு வெல்டிங்கும் தகட்டை இழுத்துக் கோணலாக்கும். கோணலை மறைக்கப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, ஏறும். இரண்டு மழைக்காலம் போனால் பட்டி வெடித்து, அடியில் துரு கிளம்பியிருக்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது "சி.ஆர்.4, 0.9 மில்லி". சி.ஆர். என்றால் குளிர்நிலையில் உருட்டிய தகடு. ஐ.எஸ். 513 என்ற இந்தியத் தரப்படி சி.ஆர்.1 சாதாரண வேலைக்கானது. எண் ஏற ஏற இழுவைக்கு இளகிக் கொடுக்கும். சி.ஆர்.4 ஆழமாக இழுத்து வடிவமைக்கவென்றே வருவது, உருக்கும்போது அலுமினியம் சேர்த்து ஆக்சிஜனை அடக்கிய ஸ்டீல். பழைய வியாபாரிகளுக்கு இன்னும் "ஈ.டி.டி." (எக்ஸ்ட்ரா டீப் டிராயிங்) என்றால்தான் சட்டென்று புரியும், இரண்டையும் சொல்லுங்கள். சாதாரணத் தகடு குடோனில் நாள்பட்டுக் கிடந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: வளைக்கும்போது வழவழவென்று வளையாமல் பட்டை பட்டையாக முறியும். அந்தத் தடம் பெயின்ட் அடித்த பிறகும் வெயிலில் தெரியும்.

கேஜ் கணக்கிலும் ஏமாறலாம். எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பழைய பிரிட்டிஷ் கேஜ் அளவில் 20 என்றால் 0.914 மில்லி, 18 என்றால் 1.219, 22 என்றால் 0.711. வாய்ப்பேச்சில் 0.8 மில்லியும் 20 கேஜாகவே கைமாறும். மைக்ரோமீட்டர் இல்லாமல் போகாதீர்கள். மறந்துவிட்டால் தராசு இருக்கிறது. எட்டுக்கு நாலு அடி முழு ஷீட் 0.9 மில்லியில் சுமார் 21 கிலோ வர வேண்டும், 1 மில்லியில் 23.4, 1.2 மில்லியில் 28. தராசு 18.7 காட்டினால் அது 0.8 மில்லி.

எந்த இடத்துக்கு எந்தக் கனம் என்பதற்குக் காரையே அளப்பதுதான் நல்லது. துரு பிடிக்காத ஓரிடத்தில் இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி அளவு எடுங்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றிலும் வெளித் தகடுக்குப் பெரும்பாலும் 0.9 ஒத்துப்போகும். தரைக்கும் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிக்கும் 1.2 போடலாம். ஹெரால்டு மாதிரித் தனிச் சேஸிஸ் உள்ள வண்டியில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளுக்கு 1.6 அல்லது 2 மில்லி ஹெச்.ஆர். (சூட்டில் உருட்டிய தகடு) வாங்குங்கள், அதுவும் ஆசிடில் கழுவி எண்ணெய் தடவியதாக இருக்கட்டும். கழுவாத ஹெச்.ஆர். மேல் கருஞ்செதில் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் நிற்காது.

இனி இடங்கள்.

மண்ணடி, செம்புதாஸ் தெருப் பக்கம். சில்லறைக்கு இதை விட்டால் வசதியான இடம் கிடையாது. பாதி ஷீட், கால் ஷீட் கேட்டாலும் பல கடைகளில் வெட்டித் தருவார்கள். எடை போட்டு, மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. குறை ஒன்றுதான்: கட்டிலிருந்து பிரித்த தகட்டுக்கு ஜாதகம் கிடையாது. "எல்லாம் ஒரே ஷீட்தான் சார்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு அங்குல அகலம், நாலு அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டச் சொல்லுங்கள், ஒன்று ஷீட்டின் நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில். இரண்டையும் வைஸில் மடக்கி, சுத்தியால் அடித்துத் தன் மேலேயே தட்டையாகப் படிய வையுங்கள். மடிப்பின் வெளி முதுகை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல தகட்டில் அந்த முதுகு பட்டுப் போல வழுவழுவென்று இருக்கும். மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரத்தாலோ வேண்டாம். நீளத் துண்டு நன்றாக மடிந்து குறுக்குத் துண்டு மட்டும் விரிசல் விட்டால் தட்டையான ஒட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், வளைவுக்கு ஆகாது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். மறுக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஏற்றுவதென்றால் கடையிலேயே நாலுக்கு நாலாக வெட்டி எடுங்கள். முழு ஷீட்டைச் சுருட்டிக் கயிறு கட்டி வந்தால் சுருட்டிய இடத்தில் விழும் நொடிப்பு பிறகு எந்த டாலிக்கும் (தகட்டின் அடியில் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) அடங்காது.

சாத்தங்காடு இரும்புச் சந்தை. முழு வண்டியையும் பிரித்துப் போட்டு வேலை செய்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அமைத்த மொத்த வியாபாரச் சந்தை இது. காயிலின் (ஆலையிலிருந்து வரும் தகட்டுச் சுருளின்) லேபிளை நேரில் பார்க்கலாம், ஆலையின் டெஸ்ட் சர்டிஃபிகேட் நகலும் கேட்கலாம். லேபிளில் தரம், கனம், ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) மூன்றும் இருக்க வேண்டும். பில்லில் அதே தரத்தை எழுதச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு ஷீட்டுக்குக் கதவு திறக்காத வியாபாரிகள் உண்டு. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு குட்டியானைக்கு வாங்கினால் கூலியும் பங்காகிவிடும். அம்பாசடர் ஒன்றின் முன் தரை, இரு பக்கக் கதவடிப் பெட்டி, வீல் ஆர்ச் ஓரங்கள் இவற்றுக்கு 1.2-ல் ஒரு முழு ஷீட்டும் 0.9-ல் ஒரு முழு ஷீட்டும் பொதுவாகப் போதும்.

கட்டின் நடு ஷீட்டைக் கட்டாயம் உருவிப் பாருங்கள். கடல் காற்றும் மழையும் பட்ட கட்டில் ஈரம் இரண்டு ஷீட்டுக்கு நடுவே ஏறிக்கொள்ளும். மேல் ஷீட் பளபளக்கும், நடுவில் தேச வரைபடம் மாதிரிப் பழுப்புக் கறை படர்ந்திருக்கும். தேய்த்தால் போகும் என்பார்கள். குழி விழுந்திருந்தால் போகாது.

புதுப்பேட்டை. இங்கே தகடாக வாங்காமல் பாகமாக வாங்க வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல்தான் நின்றது என்பதால் கதவு, பானெட், டிக்கி இன்னும் கிடைக்கின்றன. ஆலையில் பிரஸ் செய்த வளைவைக் கையால் அப்படியே கொண்டுவருவது கடினம். அதனால் நல்ல பழைய பாகம் அகப்பட்டால் புதுத் தகட்டைவிட அதுவே மேல். காந்தத்தைத் துணி சுற்றிக் கொண்டுபோய் கீழ் ஓரம் முழுக்க ஓட்டுங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. கதவின் கீழ் மடிப்பை உள்பக்கமாக விரலால் தடவுங்கள், செதில் உதிர்ந்தால் வேண்டாம். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் பிறந்த ஹெரால்டுக்கு இங்கும் பாகம் அரிது, தகடு வாங்கி அடிப்பதுதான் வழி. இப்போதைய கார்களின் பானெட்டை வெட்டி ஒட்டுவது வேண்டாம். 0.7 மில்லிக்குப் பக்கத்தில் இருக்கும், பலவும் வலுக்கூட்டிய ஸ்டீல், அடித்தால் துள்ளித் திரும்பும். பழைய 0.9 தகட்டோடு வெல்டிங் வைக்கும்போது மெல்லிய பக்கம் முதலில் ஓட்டையாகும்.

அம்பத்தூர் எஸ்டேட். தட்டையான தரைத் துண்டுகளை அட்டையில் வரைந்து கொடுத்தால் லேசரில் வெட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே மிச்சமாகும் ஓரத் துண்டுகளையும் கேட்டுப் பாருங்கள், எந்தத் தரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாங்கவே கூடாதவை இரண்டு. ஏ.சி. டக்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு "துருவே பிடிக்காது" என்று சொல்லி விற்கப்படும். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் ஆவியாகி இணைப்பில் ஊசித் துளைகள் விழும். அந்தப் புகையைச் சுவாசித்த டிங்கருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும். துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்தால் இணைப்பில் பாதுகாப்பும் போய்விடுகிறது, பிறகு எதற்கு ஜி.ஐ.? இரண்டாவது, பழைய எண்ணெய் ட்ரம். ஒரு காலத்தில் பட்டறைகளின் வழக்கமான தகடு அதுதான். உள்ளே மிஞ்சிய ஆவியில் கட்டர் தீப்பொறி பட்டால் வெடிக்கும். உயிரே போயிருக்கிறது.

வாங்கிய தகட்டின் எண்ணெயை வேலை நாள் வரை துடைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் துடைத்த தகடு ஒரே இரவில் செம்பொடி பூத்துவிடும். தரையில் சாய்க்காமல், மரக்கட்டை மேல் படுக்கையாக வையுங்கள். ஆலையில் உருட்டிய திசையைச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, கனத்தையும் தரத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். துண்டு துண்டாக வெட்டிய பிறகு எது 0.9, எது 1 என்று கண்ணால் பிரிக்க முடியாது.