ஷெல்லா, டோட்டலா: சங்கச் சந்தா காட்டிய வித்தியாசம்

சென்ற ஆண்டு எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பங்குகள் கொஞ்சம் வாங்கினேன். லாபத்துக்காக அல்ல, பங்குதாரர் கூட்டத்தில் காலநிலைத் தீர்மானங்களுக்கு வாக்களிக்க. ஷெல்லா, டோட்டல் எனர்ஜிஸா என்று ஒரு மாதம் குழம்பி, டோட்டலை எடுத்தேன்.

இரண்டுமே எண்ணெயும் எரிவாயுவும் விற்பவைதான். பாரிஸ் ஒப்பந்தத்தை ஆதரிப்பதாக இரண்டுமே சொல்கின்றன. நான் பார்த்தது வேறு: அரசிடம் இவர்களுக்காகப் பேசும் தொழில் சங்கங்களை இவர்கள் எப்படிக் கையாண்டார்கள்?

கணக்குக் காட்டுவதில் ஷெல்லைக் குறை சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரலிலேயே 19 சங்கங்களின் காலநிலை நிலைப்பாட்டைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. சுத்திகரிப்பு ஆலைகளின் அமெரிக்கச் சங்கமான ஏஎஃப்பிஎம்மை விட்டு விலகுவதாக அறிவித்தது. இன்னும் 9 சங்கங்களோடு ஓரளவு முரண்பாடு உண்டு என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்க எண்ணெய்த் துறையின் பெரிய சங்கமான ஏபிஐ அவற்றில் ஒன்று. அந்த ஒன்பதிலும், உள்ளிருந்தே மாற்றலாம் என்று தங்கிவிட்டது. டோட்டல் 2021 ஜனவரியில் ஏபிஐயை விட்டே வெளியேறியது. புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு பற்றிய விதிகள், மின்வாகன மானியம், கார்பனுக்கு விலை வைப்பது (கரியமில வாயுவை வெளியிடுவதற்குக் கட்டணம்) ஆகியவற்றில் கருத்து வேறுபாடு என்று காரணமும் சொன்னது.

எனக்கு முடிவைச் சொன்னது சந்தா. 2020 ஆகஸ்டில் டிரம்ப் அரசு மீத்தேன் கசிவு விதிகளைத் தளர்த்தியபோது ஷெல் அதை எதிர்த்தது, ஏபிஐ ஆதரித்தது. அந்த ஏபிஐக்குச் சந்தா கட்டியவர்களில் ஷெல்லும் ஒன்று. சொந்தக் குரலில் ஒன்று, சொந்தப் பணத்தில் இன்னொன்று. வெளியிலிருந்து இதைச் சரிபார்க்கலாமா என்றால், அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டு லாபியிங் (அரசைத் தம் பக்கம் இழுக்கப் பேசுவது) சட்டம் அரைகுறையாகத்தான் உதவுகிறது. எந்த மசோதா பற்றிப் பேசினார்கள், காலாண்டில் மொத்தம் எவ்வளவு செலவு என்று பதிவு செய்ய வேண்டும். ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த உறுப்பினரின் பணம் எதற்குப் போனது என்பதும் அதில் வராது. ஆகவே தங்கியிருக்கும் நிறுவனம் தானாக எழுதித் தருவதை நம்புவதைத் தவிர பங்குதாரருக்கு வழியில்லை. சந்தாவை நிறுத்திவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

ஷெல்லின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. 2021 மார்ச்சில் ஏபிஐ கார்பன் விலையை ஆதரித்தது. ஷெல், பிபி போன்றவை உள்ளே இருந்ததும் அதற்கு உதவியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு மீத்தேன் கசிவுக்குக் கட்டணம் விதிக்கும் யோசனை அமெரிக்க காங்கிரஸில் வந்தபோது ஏபிஐ எதிர்த்து நின்றது. நான் வாக்களித்தது இதுவரை ஒரே ஒரு கூட்டத்தில்தான்; உள்ளிருந்து தரும் அழுத்தம் பலிக்க எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

டோட்டல் இன்னும் பல சங்கங்களில் உறுப்பினர். அவை ஒவ்வொன்றுக்கும் கட்டும் சந்தா எவ்வளவு என்ற கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு அனுப்ப எழுதி வைத்திருக்கிறேன்.