விற்றுவிட்டுப் போவதா, வாக்குப் போடுவதா, கடனை மறுப்பதா?

பருவநிலை மாற்றத்தைத் தடுக்க, நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் பணம் போட்டிருக்கும் ஓய்வூதிய நிதிகளிடம் வழக்கமாக இரண்டு வழிகளைச் சொல்வார்கள்: பங்கை விற்றுவிடு, அல்லது உள்ளே இருந்து கேள்வி கேள். மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைப் பற்றித்தான் பேச்சே குறைவு.

விற்பது சுலபம், அறிக்கை விடவும் வசதி. ஆனால் விற்ற பங்கை இன்னொருவர் வாங்குகிறார், நிறுவனத்தின் கல்லாவில் காசு குறைவதில்லை. உங்கள் வாக்கும் போய்விடும். வரையறையிலும் ஓட்டை விழும். நார்வே அரசு முதலீட்டு நிதி 2016இல், வருவாயில் 30 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தால் விலக்கு என்று எல்லை வைத்தது. பல தாதுக்களைத் தோண்டும் க்ளென்கோர், ஆங்கிலோ அமெரிக்கன் போன்றவை அந்த எல்லைக்குள் தப்பின. ஆண்டுக்கு 2 கோடி டன் நிலக்கரி என்ற நேரடி அளவு 2019இல் வந்த பிறகு, 2020இல்தான் அவை விலக்கப்பட்டன. விற்பதென்றால் சதவீதம், டன் இரண்டையும் கொள்கையில் எழுதுங்கள்.

உள்ளே இருந்து போராட அமெரிக்காவில் 2,000 டாலர் பங்கை 3 ஆண்டு வைத்திருந்தாலே பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். பெரும்பாலும் காகிதத்தில்தான் சறுக்கும்: தொடர்ந்து வைத்திருந்ததற்கான தரகர் கடிதத்தில் குறை இருந்து, நிறுவனம் சுட்டிக்காட்டிய 14 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் தீர்மானம் குப்பைக்கூடைக்கு. இரவல் கொடுத்த பங்குக்கு வாக்கில்லை. யாருக்கு வாக்கு என்று கணக்கெடுக்கும் பதிவுத் தேதிக்கு முன்பே திரும்பப் பெற வேண்டும். நிறைவேறினாலும் தீர்மானம் பெரும்பாலும் ஆலோசனை மட்டுமே. பல் இருப்பது இயக்குநர் தேர்தலில். சுமார் 0.02 சதவீதப் பங்கு வைத்திருந்த எஞ்சின் நம்பர் 1 என்ற சிறு முதலீட்டு நிறுவனம், பெரிய நிதிகளின் ஆதரவோடு 2021இல் எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் 12 இடங்களில் 3ஐப் பிடித்தது. அதே எக்ஸான் 2023இல் சுமார் 6,000 கோடி டாலருக்குப் பயனியர் என்ற ஷேல் (பாறை அடுக்கு) எண்ணெய் நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் போட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கதவு இன்னும் குறுகல். பங்குதாரர்கள் தாமாகப் பொதுக்கூட்டம் கோர 10 சதவீத வாக்குரிமை வேண்டும். கோல் இந்தியாவில் அரசிடமே 60 சதவீதத்துக்கு மேல்.

மூன்றாவது வழி, புதிய கடன் பத்திரத்தை வாங்க மறுப்பது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் கடனில் எழுபவை. பழைய கடனைத் திருப்பும் நாள் வரும்போது புதுக்கடன் கிடைக்காவிட்டால் வலிக்கும். ஆஸ்திரேலியாவின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வங்கிகள் கைவிரிக்க, ஆண்டுக்கு 6 கோடி டன் என்றிருந்த திட்டத்தை 2018இல் அதானி 1 முதல் 1.5 கோடி டன்னில் தொடங்குவதாகச் சுருக்கி, சொந்தப் பணத்தில் கட்டியது. சுரங்கம் வந்தது, ஆனால் சிறிதாக. கவனம்: தாய் நிறுவனம் ‘பொதுத் தேவைக்கு’ என்று பத்திரம் வெளியிட்டால் பணம் எந்தக் குழிக்குள்ளும் போகும். மறுப்பு குழுமம் முழுவதற்கும் இருக்கட்டும்.

எங்கள் வரிசை இது: நிலக்கரிக்கு முதலில் கடன் மறுப்பு. சொந்த லாபத்தில் ஓடும் எண்ணெய் நிறுவனங்களுக்கு அது அவ்வளவாக உறைக்காது. அங்கே இயக்குநர்களுக்கு எதிராக வாக்கு, கூடவே விற்கும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவது.